பாவாயி படித்த அறுபத்தேழு

2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணி. அறுபத்தேழு புத்தகங்கள். பாவாயி.

இதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நூலகர் கவிதா நிமிர்ந்தாள். எதிரே, பாவாயிக்குப் பக்கத்தில், தனபால் உட்கார்ந்திருந்தார். அவர் கொண்டுவந்த கணக்கு அறுபத்தாறு.

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டு வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடம் முழுக்கப் படித்த புத்தகங்களை அவரவர் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். யார் அதிகம் படித்தாரோ, நூலகத்துக்கு அடுத்து வாங்கும் இருபது புத்தகங்களை அவர்தான் தேர்ந்தெடுப்பார். அந்தப் பட்டியலுக்கு வெளியே கவிதாவால் ஒரு புத்தகம்கூட வாங்க முடியாது.

மூன்று வருடமாகத் தேர்ந்தெடுப்பவர், கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற தனபால். அவர் தேர்ந்தெடுத்தது அத்தனையும் சுயமுன்னேற்ற நூல்கள். அட்டைக்கு அட்டை ஒருவர் மலை உச்சியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு அது பெரிய சாதனையாகப் படவில்லை.

மரவள்ளி பயிரிடும் பாவாயிக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். ஒரு நாவலின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தின் கடைசி வரியில் ஜமீன்தாரின் இளைய தாரம் விஷம் கலந்த பாலை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். அது ஐப்பசியில். மார்கழி பாதி போயும் அவள் குடித்தாளா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒன்றை மட்டும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்கு, கதைப் புத்தகம் நேரத்துக்குக் கேடு என்று தனபால் ஏற்கெனவே மறுத்திருந்தார்.

“பாவாயி நூலக அட்டையில வச்சது கைநாட்டு. எழுத்தே தெரியாத ஆளு எப்படீம்மா அறுபத்தேழு படிச்சிருக்கும்?” என்றார் தனபால்.

பாவாயி மறுக்கவில்லை. “ஆமாங்க. நான் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லீங்க. கௌசிகாவும் கோகிலாவும் படிப்பாங்க. நாங்க கேப்போம்.”

நடந்தது இதுதான். மரவள்ளிக் காட்டில் களை வெட்ட பாவாயி, கௌசிகா, கோகிலா, பக்கத்துக் காட்டுக்காரி ஒருத்தி என நாலு பேர் முறை வைத்துக்கொண்டு, இன்று உன் காடு, நாளை என் காடு என்று போவார்கள். கௌசிகா வரப்பில் உட்கார்ந்து பாதிப் புத்தகம் வாசிப்பாள்; அவள் வரிசையையும் சேர்த்து மற்ற மூவரும் வெட்டுவார்கள். மீதிப் பாதிக்கு கோகிலா வரப்பேறுவாள். களை முடிவதற்குள் கதை முடிந்துவிட்டால், மறுபடி கௌசிகா, முதலிலிருந்து.

பாவாயி சொல்லச் சொல்ல கௌசிகா எழுதிய நோட்டை கவிதா தனபாலிடம் நீட்டினாள். கோழி கிளறிய எழுத்தையெல்லாம் நான் பார்ப்பதற்கில்லை, நீயே வாசி என்றார். வாசித்தாள்.

“பன்னிரண்டு: இதில் ஆவணியில் மிளகு பறிக்கிறார்கள். எழுதியவர் மிளகுக் கொடியைப் பார்த்ததே இல்லை.

“இருபத்தொன்பது: மாமியார் கடைசி வரை நல்லவள். நம்புவதற்கில்லை.

“நாற்பத்தொன்று: கொலைகாரன் யாரென்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அரை ஏக்கர் களை முடிந்தது.”

தனபாலின் நோட்டு அவர் மருமகளின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அறுபத்தாறுக்கும் ஒரே குறிப்பு: ‘ஆழமான கருத்துகள். அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்.’

கவிதா ஒரு வழி யோசித்தாள். கதை நேரத்துக்குக் கேடு என்ற தனபாலின் நோட்டிலும் எப்படியோ இடம்பிடித்திருந்த, பாவாயி நோட்டிலும் இருந்த ஒரு நாவலை எடுத்து, அதைப் பற்றி இருவரும் சொல்லட்டும் என்றாள். பாவாயி கதாநாயகியின் பெரியம்மா மகன் பெயர் வரை சொன்னாள். நடுவில் வரும் எருமைக்கு எந்தக் கொம்பு வளைந்திருந்தது என்பதையும் விடவில்லை. தனபால் முறை வந்தபோது, கதையை ஒப்பிப்பது சின்னப் பிள்ளை வேலை, கருத்துதான் முக்கியம், அது ஆழமாக இருந்தது என்று முடித்துக்கொண்டார்.

பிறகு விதிக்கு வந்தார். காதால் கேட்பதெல்லாம் படிப்பு என்றால் ரேடியோ கேட்கிறவனெல்லாம் படிப்பாளிதான் என்றார். “எழுதிக்கோம்மா. படிக்கிறதுன்னா கண்ணால படிக்கிறது. என் கண்ணு எரிய எரிய நான் படிச்சிருக்கேன்.”

கேட்டால் சரி மாதிரிதான் இருந்தது. கௌசிகாவை ஜெயிக்கவைக்கலாமா என்று கவிதா பார்த்தாள். கௌசிகாவும் கோகிலாவும் ஆளுக்குப் பாதி வாசித்ததில், கண்ணால் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

கவிதா விதியை எழுதினாள். பாவாயியின் அறுபத்தேழை அடித்துப் பூஜ்ஜியம் போட்டாள்.

பாவாயி களைக்கொத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “ஏனுங்க, அப்போ அந்தப் பொம்பளை இன்னும் ஒரு வருசம் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணுங்களா?”

“குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? கதைதானே” என்றார் தனபால்.

“பால் ஆறிப்போயிரும் கண்ணு” என்று கவிதாவிடம் சொல்லிவிட்டு பாவாயி படியிறங்கினாள்.

இருபது முன்னேற்ற நூல்களுக்கான பட்டியலை தனபால் அங்கேயே சொன்னார். கவிதா எழுதிக்கொண்டாள்.

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான செம்மேட்டில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதியது கவிதா. பதினோராவதாக வந்தவர் தனபால், வயது அறுபத்தெட்டு. என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் சீட்டில் அப்படியே இருக்கிறது: ‘ஒன்றரை வருடமாகப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூடத் தெரிவதில்லை.’