பின்னால் நிற்பவள்

அல்லாஹு அக்பர் சொல்லித் தக்பீர் கட்டினேன். அஸர் தொழுகை. நின்று, குனிந்து, நெற்றி தரையில் வைத்து எழுவது ஒரு ரக்அத்; இதில் நாலு.

முன்னால் நான், பின்னால் என் பெண்டாட்டி சுல்தான் பீவி. எங்கள் போட் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மகன் அயாஸ் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலத் தொழுகை எங்கள் இருவருக்கும் வீட்டில்தான்.

இன்றைக்கு மனசு சரியில்லை. மத்தியானம் சாப்பாட்டில் சண்டை.

செங்கல்பட்டில் மறதிக்குப் பார்க்கிற நரம்பு டாக்டரிடம் நாளைக்கு டோக்கன் வாங்கி வைத்திருக்கிறான் அயாஸ். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட் வைத்திருக்கிற என் சிநேகிதன் ஏசுதாஸ் இன்ஜினுக்கு ஃபில்டர் கேட்டால் நான் பிளக்கை எடுத்துக் கொடுத்தேனாம். வீட்டுக்குக் கோவளத்தில் இறங்க வேண்டியவன் மாமல்லபுரம் வரைக்கும் பஸ்ஸில் போய்விட்டேனாம். போனால் என்ன, அங்கே காற்று நன்றாகத்தான் இருந்தது.

ஆரம்பத்திலேயே காட்டினால் மாத்திரையில் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று கெஞ்சினான். நான் மசியவில்லை.

தினமும் உன் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டுதானே தொழுகிறேன், கணக்குத் தப்பியிருந்தால் தட்டியிருக்க மாட்டாளா, அவள் தட்டட்டும், அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தொழவைக்கிறவர் தப்புச் செய்தால் பின்னால் நிற்கும் ஆண்கள் சுப்ஹானல்லாஹ் என்று சொல்லி உணர்த்துவார்கள். பெண்கள் வாய் திறக்காமல் புறங்கையில் தட்டுவார்கள்.

சுல்தான் அதில் கெட்டிக்காரி. கல்யாணமான புதிதில் ஒருமுறை நான் மூன்றாவது ரக்அத்திலேயே, தொழுகையை முடிக்கிற ஸலாமுக்கு உட்கார்ந்துவிட்டேன். அவள் தட்டிய தட்டில், பக்கத்து வீட்டு ஹெலன் டீச்சர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். பிரியாணியில் உப்பு குறைந்தால் கல்யாண வீடென்றும் பார்க்காமல் சொல்லிவிடுகிறவள். அப்பேர்ப்பட்டவள் கட்டிய கையை அவிழ்க்காமல் நிற்கிறாள் என்றால், என் மூளையில் அப்படி என்ன கோளாறு இருந்துவிடப் போகிறது?

நான் அதைச் சொன்னபோது அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் கட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ருகூவுக்குக் குனிந்தேன்.

அஸர் நேரத்து வெயில் ஜன்னல் வழியாக வந்து தொழுகைப் பாயில் படுத்திருந்தது. அலைச் சத்தம் பக்கத்தில் வந்தது, போனது. தொழுகையில் மனசு அலையக் கூடாது, தெரியும். ஆனால் இப்போதெல்லாம் அது கயிறு அவிழ்ந்த போட் மாதிரி தன்னால் மிதந்து போகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது சுகமாகத்தான் இருக்கிறது.

சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தேன். தரை மணலாக இருந்தது.

நிமிர்ந்தால் மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கிறேன். சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம். கல்தூள் காற்றில் மெதுவாகப் பறந்து எல்லார் தலையிலும் படிகிறது. யாருக்காகவோ காத்திருக்கிறேன். யாரென்று தெரியவில்லை, அவசரமும் இல்லை.

மறுபடி குனிகிறேன். தண்ணீர் காது வரைக்கும் வந்து வடிகிறது. அல்லாஹு அக்பர் என்று என் குரலே தூரத்திலிருந்து கேட்கிறது.

எழுந்து நின்றேன்.

டப்.

எந்தக் கூடத்திலோ யாரோ கல் கொத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

டப்.

அது உளியில்லை. கை.

நாலு ரக்அத் முடிந்து ஐந்தாவதுக்கு எழுந்து நிற்கிறேன்.

கடலும் மணலும் போய், எதிரே எங்கள் வீட்டுச் சுவர் மட்டும் நின்றது. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. உட்கார்ந்தேன். மறதிக்கென்று இருக்கிற இரண்டு சஜ்தாவையும் செய்தேன். ஸலாம் கொடுத்துத் திரும்பினேன்.

சுல்தான் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இன்றைக்குத்தான் முதல் தடவையா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"நோம்பு பெருநாள்லேந்து இப்டித்தான் கீது. உங்கள தட்டறதுக்கு எனக்கு மனசு வர்ல. நீங்க டீ குடிக்கப் போனப்பறம் நான் தனியா மறுக்கா தொழுதுகினேன்."

சட்டம் எனக்குத் தெரியும். மறந்துபோய் ஐந்து தொழுதவனுக்குத் தொழுகை நிறைவேறிவிடும். ஐந்தென்று தெரிந்துகொண்டே அவனோடு சேர்ந்து எழுந்தவளுக்குத்தான் நிறைவேறாது.

கடற்கரையில் ஏசுதாஸோடு உட்கார்ந்து, எனக்கு ஒரு குறையுமில்லை என்று நான் பீற்றிக்கொண்டிருந்த சாயங்காலங்களில், இவள் முட்டி வலியோடு முதல் ரக்அத்திலிருந்து திரும்பத் தொழுதிருக்கிறாள். அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

வெயில் சுவருக்கு ஏறிவிட்டது.

"அயாஸுக்கு போன் போட்டு டோக்கன் எத்தினி மணிக்குன்னு நீயே கேட்டு வச்சிக்கோ," என்றேன். "நான் கேட்டா மறந்துடுவேன்."