மூத்தவன் சொல்லட்டும்

"முப்பது வருஷமா சோஜு சாராயம் குடிச்சது யாரு? அவர்தானே? அவர் உடம்புக்கு அவர்தான் பொறுப்பு. அதுக்குத் தங்கச்சி மிரானை எதுக்கு அறுக்கணும்?"

டேகு நகர ஆஸ்பத்திரியில், அப்பா யோங்சிக்கின் கட்டிலருகே நின்றுகொண்டுதான் கிஜுன் இப்படிச் சொன்னான். சிகாகோவிலிருந்து முந்தாநாள்தான் வந்திருந்தான்.

பெரியப்பா மான்சிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் உடம்பு யாரு குடுத்ததுடா? இதோ படுத்திருக்கானே, இவன் குடுத்தது. அவனுக்கு ஒண்ணுன்னா பிள்ளைங்கதான் பொறுப்பு. இங்கே அதான் வழக்கம்."

"அங்கே அப்படி இல்லை, பெரியப்பா."

"உன் ஈரல்ல கொழுப்பு, ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வாயிலயும் அதானா? தங்கச்சி தானா தர்றேங்கறா. உனக்கென்ன வலிக்குது?"

மிரானின் ஈரலில் பாதியை எடுத்து வைத்தால் யோங்சிக் பிழைக்கலாம். ஆனால் மிரானுக்குச் சின்ன உடம்பு, அவள் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இரண்டு குழந்தைகள். இருந்தும் அவள் ஒரே பிடியாக நின்றாள்.

மான்சிக் தம்பியிடம் குனிந்தார். "நீயே சொல்லுடா, யோங்சிக்."

மஞ்சள் பூத்த கண்களை யோங்சிக் மெல்லத் திறந்தார். "மூத்தவன் சொல்லட்டும். அவன் சொல்றபடிதான்."

"வேண்டாம். ஆபரேஷன் கிடையாது," என்றான் கிஜுன்.

கட்டிலின் மறுபக்கம் நின்ற மிரான் அண்ணனையே பார்த்தாள். "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்," என்று அழுதுகொண்டே வெளியே போனாள்.

"இவன் கையாலயா நாளைக்கு உனக்குத் திதி?" என்று தம்பியிடம் கேட்டுவிட்டு, மான்சிக்கும் அவள் பின்னால் போனார்.

லிஃப்ட் வரை போனவருக்கு மனசு ஆறவில்லை. இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று திரும்பினார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே யாரோ விசும்பும் சத்தம். மான்சிக் அப்படியே நின்றார்.

"நீங்களே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேப்பா." கிஜுனின் குரல்.

"நான் சொன்னா அவ கேக்க மாட்டா. கேட்டாலும், அப்பாவைக் காப்பாத்தலையேன்னு ஆயுசு பூரா தன்னையே நொந்துக்குவா. உன்மேல கோபம்னா அது ஒரு நாள் ஆறிடும். அதுக்குத்தான் உன்னை வரவழைச்சு, இப்படிப் பேசுன்னேன்." யோங்சிக் மூச்சு வாங்கினார். "நான் கெடுத்துக்கிட்ட உடம்புடா. எம்பொண்ணு எதுக்குச் சாகணும்? நான் சொன்னதைச் சொன்னபடி பேசினே. வேற எந்தப் பிள்ளை இப்படிக் கேப்பான்?"

மான்சிக் சத்தமில்லாமல் திரும்பி நடந்தார்.

லிஃப்ட் பக்கத்தில் மிரான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "பெரியப்பா, அண்ணன்கிட்ட இன்னொரு தடவை கேட்டீங்களா?"

"கேட்டேம்மா," என்றார் மான்சிக். "அவன் கல்நெஞ்சுக்காரன். அசைய மாட்டேங்கறான்."