காய்ப்பு

"கடின இருதயம்னு வேதத்துல இருக்கே அண்ணாச்சி, கிரேக்கத்துல அதுக்குக் காய்ப்புன்னு அர்த்தம்" என்றார் போதகர்.

"நல்லதுதானே ஐயரே! காய்க்காத மரத்தையில்ல வெட்டச் சொல்லியிருக்கு?" என்று சிரித்தார் ஆட்டு வியாபாரி ஞானாபரணம்.

"நான் உள்ளங்கைக் காய்ப்பைச் சொல்லுதேன். தொட்டாலும் உறைக்காது."

மறுநாள் சந்தையில், அம்மா சாவுக்குக்கூடப் பேசிக்கொள்ளாத தம்பி ஜெபமணி எதிரில் வந்து நின்றான். துண்டை விரித்து நீட்டினான். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது சந்தை வழக்கம்; உள்ளே நடப்பது ஊருக்குத் தெரியாது என்பது அதிலுள்ள சௌகரியம். ஞானாபரணமும் கையை நுழைத்தார். தம்பி அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை.

"ஐயாயிரமா? கட்டாது" என்றார் ஞானாபரணம், சந்தைக்கே கேட்கும்படி.

தம்பி போய்விட்டான். துண்டை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடியில் ஞானாபரணத்தின் கை நீட்டியபடியே இருந்தது.