ஓட்டை போட்ட பெட்டி

"உன் அண்ணி என் பெட்டியில ஓட்டை போடுறாடீ! டிரில்லிங் மெஷின் வெச்சு!"

மாமியார் போனில் மகளிடம் முறையிட்டது அடுத்த அறை வரை கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் பேசினாள்.

மருமகள் தலை நிமிரவில்லை. அவள் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயர், ஸ்க்ரூ. நடுவில் வாயைப் பிளந்தபடி மாமியாரின் சக்கரப் பெட்டி.

"வீட்டிலேயே சோலார் ஜெனரேட்டர் செய்யறாளாம். கையோட இழுத்துட்டுப் போகலாமாம். அதுக்கு உலகத்துல வேற பெட்டியே கிடைக்கலையா?"

"விடும்மா. நீ அதைப் பரண்லேருந்து இறக்கியே மூணு வருஷமாச்சு."

"உன் பிரசவத்துக்குக்கூட வர முடியாம டாக்டர் தடுத்துட்டாரேன்னு நானே வெந்துட்டிருக்கேன். இவ, இனி நான் எங்கேயுமே கிளம்பக் கூடாதுன்னு பெட்டிக்கே சமாதி கட்டுறா!"

புதன்கிழமை பெட்டியின் சக்கரம் ஒடிந்தது. உள்ளே வைத்த பேட்டரி அவ்வளவு கனம். மருமகள் அதைக் கழற்றிவிட்டு, லேசான ஒன்றை வாங்கி வந்தாள்.

வியாழக்கிழமை மாமியாரின் மூச்சு மெஷினில் கரண்ட் மீட்டர் வைத்துப் பார்த்தாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால், தினமும் முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்கிற மெஷின். அது ஓடாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

"என் மூச்சிலேயே கை வெச்சுட்டாடா!"

மகன் நழுவினான். "அந்த ஒயரைத் தொட்டா ஷாக். அவகிட்ட பேசினா அதைவிட ஷாக். ஆளை விடும்மா."

ஞாயிறு மதியம் மருமகள் கூப்பிட்டாள். "அத்தை, பால்கனிக்கு வாங்களேன்."

கறுப்புத் தகடு ஒன்று நான்கு மடிப்பாக விரிந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து இன்னொன்று மூச்சு மெஷினுக்கு.

ஸ்விட்சைத் தட்டினாள். மெஷின் மெல்ல முனகியது. மாமியார் முகமூடியை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். காற்று!

"கரண்ட் எங்கேருந்தும்மா வருது?"

மருமகள் விரலை மேலே காட்டினாள்.

மாமியார் வானத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி வானத்தைப் பார்த்தாள்.

"ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கும் அத்தை. பகல்ல விரிச்சு வெச்சா மறுபடி நிரம்பிடும். நீங்க இழுக்கணுமேன்னு கனத்தைக் குறைச்சிருக்கேன். மேல் பாதி உங்க துணிமணிக்கு."

மாமியார் அந்த ஓட்டைகளைத் தடவினாள். "இது?"

"சூடு வெளியே போகத்தான். பெட்டியும் மூச்சு விடணுமே."

மாமியார் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, அண்ணி இன்னிக்கு எதை உடைச்சாங்க?"

"வாயை மூடுடீ. ராத்திரியானா கரண்ட் இல்லாத உன் மலை குவாட்டர்ஸுக்கு நாளைக்கே கிளம்பி வர்றேன்." பெட்டியின் மூடியைத் தட்டிக்கொடுத்தாள். "உன் அண்ணி வெயிலையே மடிச்சு என் பெட்டியில வெச்சுக் கொடுத்திருக்கா!"