டர்போவுக்குள் போனது

மூன்றாவது தடவை ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம். அடுத்து டமார் என்று ஒரு வெடி. அதோடு எஞ்சின் நின்றுவிட்டது.

திலக் நகர் ஹவுசிங் சொசைட்டியின் கார் பார்க்கிங்கில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள், கைதட்டத் தூக்கிய கையைக் கீழே போட்டார்கள்.

நகுல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். ஐரோலியில் ஐ.டி. வேலை. மூன்று வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட அவன் வீட்டுக்குள் கழித்ததில்லை. அப்பாவின் பழைய பத்மினி காரை ஓட வைத்தால் மட்டும் போதாதாம், அதில் டர்போ வைக்க வேண்டுமாம். வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சின்ன விசிறி அது. பெண்டாட்டி ஸ்ரீலேகாவின் பிறந்த நாளை மறந்தவன், அந்த விசிறி பார்சலில் வந்த தேதியை மறக்கவில்லை.

"அண்ணா, என்ன ஆச்சு?" நகுல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான்.

வெயிலுமுத்து அதற்குள் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். தாராவியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். டர்போவுக்கான பைப்புகளை வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுத்தது அவர்தான். காற்று போகும் குழாயைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு எதையோ எடுத்தார். உள்ளங்கையை ஒரு கணம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"விசிறி போயிட்டு தம்பி. இதழெல்லாம் ஒடிஞ்சு கெடக்கு."

"எப்படி?"

வெயிலுமுத்து சுற்றி நின்றவர்களை ஒரு தரம் பார்த்தார்.

"நம்ம நட்டுதான். வெல்டிங் வைக்கும்போது பைப்புக்குள்ள விழுந்திருக்கும். நான் கவனிக்கல."

நகுலுக்கு அது காதில் விழுந்து, புரிந்து, கோபமாக மாறச் சிறிது நேரம் ஆனது. கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் போய் இந்தி வந்துவிடும்.

"தீன் சால் கா காம் ஹை யே, அண்ணா. தீன் சால்." கீழே இறங்கினான். "மூணு வருஷ உழைப்பு! பைப்பை ஒரு தடவை தட்டிப் பார்க்க முடியலையா?"

"தப்புதான் தம்பி."

இப்போது பஞ்சாபகேசன் முன்னால் வந்தார். நகுலின் அப்பா. ஃபோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் ஆபீஸ் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்.

"நான் அப்பவே சொன்னேன், தாராவி சந்துல கொண்டுபோய்க் குடுக்காதே, நல்ல கம்பெனியாப் பாருன்னு. கேட்டியா?" என்று மகனிடம் ஆரம்பித்து வெயிலுமுத்துவிடம் திரும்பினார். "ஏம்ப்பா, கண்ணை மூடிண்டா வேலை பார்த்தே? என் பிள்ளையோட மூணு வருஷத்தை ஒரு நிமிஷத்துல சாப்பிட்டுட்டியே."

வெயிலுமுத்து ஒரு கையாலேயே கருவிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். அது பஞ்சாபகேசனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. படிப்பு, பொறுப்பு, ஒழுங்கு என்று வரிசையாக எடுத்துவிட்டார்.

நகுல் மொபைலை எடுத்தான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வெயிலுமுத்துவின் பட்டறைக்கு இப்போது வருகிற வேலையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

"குரூப்ல போடறேன். இவர்கிட்ட யாரும் வண்டி குடுக்காதீங்கன்னு."

அப்போதுதான் வெயிலுமுத்துவின் முகம் மாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"உங்க இஷ்டம் தம்பி" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

பஞ்சாபகேசனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வெயிலுமுத்து மறந்து வைத்துவிட்டுப் போன, நட்டு முடுக்குகிற பானாவை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் பின்னாலேயே போனார்.

"இந்தா, இதையும் எடுத்துண்டு போ. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதே."

வெயிலுமுத்து வலது கையால் பானாவை வாங்கிக்கொண்டார். இத்தனை நேரம் மூடியே இருந்த இடது கையை நீட்டினார்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்க சார். சாமிக்கு முடிஞ்சது. ரோட்டுல போட மனசு வரல."

கிரீஸ் படிந்த உள்ளங்கையில் கந்தலாகிப்போன மஞ்சள் துணி. அதற்குள் வளைந்து கிடந்தது ஒரு ரூபாய்க் காசு.

பஞ்சாபகேசனுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. வண்டி நல்லபடியாக ஓடினால் குருவாயூர் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு அவர் முடிந்த காசு. பூஜை கீஜை எல்லாம் எஞ்சின் பக்கம் வேண்டாம் என்று பிள்ளை சொல்லியிருந்தான். அதனால் காலையில் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, திறந்திருந்த குழாய்க்குள், பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே செருகி வைத்தார். அது தெரியாமல் நகுல் ஃபில்டரை மாட்டி மூடியிருக்கிறான்.

"நட்டுன்னு... நீதானேப்பா சொன்னே?"

"காலைல நான் வரும்போது நீங்க பானெட்ட மூடிட்டுக் கும்பிட்டுக்கிட்டு நின்னீங்க. இதப் பாத்ததும் வெளங்கிட்டு." வெயிலுமுத்து குரலைத் தாழ்த்தினார். "நான் வெளியாள் சார். என்னைய எவ்வளவு ஏசினாலும் போயிரும். இத்தன பேருக்கு முன்னால தம்பி உங்கள ஒரு வார்த்த சொல்லிட்டார்னா, அது உங்க வீட்டுக்குள்ளயே கெடக்கும்."

பின்னாலிருந்து நகுலின் குரல் கேட்டது. "அப்பா, அவர்கிட்ட இன்னும் என்ன பேச்சு? டைப் பண்ணிட்டேன், அனுப்பறேன்."

பேசாமல் இருந்துவிடலாமா என்று பஞ்சாபகேசனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்குக் கூசியது. காசை எல்லாரும் பார்க்கும்படி கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அவர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுடா, நகுல்."