கடைசிப் பெஞ்சின் முணுமுணுப்பு

அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னால், இசக்கிராஜா காதைத் திருப்புகிறான்.

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருக்கிறான். முகம் மட்டும் அட்டையை விட்டு விலகி, சன்னலோரப் பெஞ்சைத் தேடுகிறது.

அங்கே பீர் முகமது உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் வரை இருவரும் கடைசிப் பெஞ்சில் ஒன்றாக இருந்தவர்கள்.

பிரித்தது அவள்தான். நான்காம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர்.

கரும்பலகையில் எழுதத் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு. திட்டிப் பார்த்தாள். பெஞ்சில் ஏற்றி நிறுத்தினாள். கடைசியில் ஜோடி ஜோடியாகப் பிரித்து இடம் மாற்றினாள்.

சத்தம் நின்றது.

இசக்கிராஜா எழுதுவதும் நின்றது. திமிர் என்று நினைத்தாள். நேற்று அவனை வெளியே நிற்க வைத்தாள்.

“அங்க என்ன பாக்க? அட்டையப் பாத்துச் சொல்லுப்பா,” என்கிறார் கண் பரிசோதனைக்கு வந்தவர்.

அவன் தலை குனிகிறான்.

பீர் எழுந்து நிற்கிறான்.

“நான் வாசிச்சாத்தான் டீச்சர் அவன் எழுதுவான். நீங்க பிரிச்சு வச்சிட்டீங்க.”

“எனக்கு அவ சொல்லுவா டீச்சர்,” என்று எதிர்வரிசைத் தோழியைக் காட்டுகிறாள் செல்வமேரி. “பாதி தப்பாத்தான் சொல்லுவா.”

வகுப்பு சிரிக்கிறது. சிரிப்புக்கு நடுவே இன்னொரு கை உயர்கிறது.

இன்னொன்று.

முன்பெஞ்சிலிருந்துகூட ஒன்று.

கரும்பலகை கலங்கலாகத் தெரிவது டீச்சரிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவர்கள் நினைக்கவில்லையாம்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். தெரியாதவர் பக்கத்தில் தெரிந்தவர். எந்த டீச்சரும் சொல்லித்தராத ஏற்பாடு. எத்தனை திட்டு வாங்கியும், பிரித்து வைக்கும் வரை ஒருவரும் வாசிப்பதை நிறுத்தவில்லை.

கை உயர்த்திய எல்லோரையும் சோதித்து, கண்ணாடிகள் வர இரண்டு வாரமாகும் என்று சொல்லிவிட்டு, வந்தவர் அட்டையைச் சுருட்டிக்கொண்டு போகிறார்.

“எல்லாரும் பழைய இடத்துக்குப் போங்க.”

பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன.

அவள் சாக்பீஸை எடுத்து ஒரு வரி எழுதுகிறாள்.

முதுகுக்குப் பின்னால் அந்த முணுமுணுப்பு மெல்லக் கிளம்புகிறது. பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போகிறது.

அவள் திரும்பவில்லை.

சாக்பீஸ் கரும்பலகையைத் தொட்டபடி நிற்கிறது.

கடைசிப் பெஞ்சில் பீரின் குரல் ஓய்ந்த பிறகு, அடுத்த வரியைத் தொடங்குகிறாள்.