போன வருசத்துப் பச்சை

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை வைத்திருக்கிறேன். இந்த டிரினிடாட் தீவில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டுக்கு வீடு சோபாவுக்குப் புதுத் துணி மாற்றுவோம், இல்லையா? அதற்காகத்தான் மிஸ் வெர்லின், சோபா தைக்கிற ஹரிலாலின் கடைக்கு வந்தார்.

"போன வருசம் போட்ட பச்சை என்னாச்சு மிஸ் வெர்லின்?"

"அதை ஏன் கேக்குற ஹரிலாலு! லண்டன்லேர்ந்து வந்த பேரப்பசங்க ஏறிக் குதிச்சே கிழிச்சிட்டாங்க."

"அப்ப இந்தக் காப்பிக் கலரை எடுங்க. கறை தெரியாது."

"துக்க வீட்டுக்கா கேக்குறேன்? அந்த வெள்ளையைக் காட்டு."

"வெள்ளையா! அந்த வானரங்களை வச்சுக்கிட்டா?"

அவர் சிரித்தார். ஒவ்வொரு துணியாக விரிக்கச் சொல்லித் தடவிப் பார்த்தபடி, பேரன்களின் சேட்டைகளை மதியம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சோபாவை எடுத்துவர ஹரிலால் அவர் வீட்டுக்குப் போனான். பச்சைத் துணியில் ஒரு கீறல்கூட இல்லை. தைக்கும்போது உட்காரும் இடத்தில் அவன் போட்ட சாக்குக்கட்டிக் கோடு, ஒரு வருடமாகியும் அழியாமல் அப்படியே இருந்தது. யாராவது ஒருமுறை உட்கார்ந்திருந்தால் அது அழிந்திருக்கும்.

வெர்லின் வாசலிலேயே நின்றார். "லண்டன் ரொம்ப தூரம்பா" என்றார், தரையைப் பார்த்து.

ஹரிலால் அந்தக் கோட்டின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தான்.

"என்னமா கிழிச்சிருக்கானுங்க, வாலுங்க! இதுக்கு நேத்துப் பாத்ததெல்லாம் தாங்காது. நாளைக்கும் கடைக்கு வாங்க மிஸ் வெர்லின், இன்னும் நிறைய துணி பிரிச்சுப் பாக்கணும்."

உங்கள் வீட்டு நாற்காலிகள் எல்லாம் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்தே தேயட்டும், கண்ணுகளா.